அரை நிமிடம்

படப்பிடிப்பு முடிந்ததும், எந்த இடமானாலும்,
அரை நிமிடம் ஒருவரும் அசையக் கூடாது.
அந்த இடத்தின் வெறுஞ்சத்தம் எனக்கு வேண்டும்.
பிறகு, வெட்டின இடங்களில் அதைத்தான் பூசுவேன்,
சுவர் வெடிப்பில் சாந்து மாதிரி.

வரோதயனுக்கு அது ஏலாது.
பதினோராவது விநாடியில் தொண்டையைச் செருமுவான்.
என் பெட்டியில் இருக்கிற மௌனங்களில் பாதி
அவனுடைய செருமல்.

முதலில் அவன் பேப்பர்க்காரன்.
ஸ்ரான்லி வீதி மாடியில் 'கரையொலி'.
தாள் வராத காலம். கொப்பித்தாளில் அச்சடித்தோம்,
நீலக் கோடுகளுக்கு மேலே செய்தி போகும்.
"செத்தவன்ர பேரில எழுத்துப் பிழை விட்டா
அவன் ரெண்டாந்தரம் சாகிறான்" என்பான்.
ஒரு னகரமா ணகரமா என்று கேட்க
ஊரடங்குக்குள் சைக்கிளில் போய்ச்
செத்தவீட்டுக் கதவைத் தட்டினான்.
வரும் வழியில் அடி வாங்கினான்.
யாரிடம் என்பதற்கு இரண்டு கதை வைத்திருக்கிறான்.

பிறகு கமெரா.
ரொறொன்ரோவிலிருந்து மச்சான் அனுப்பியது,
பற்றரி இருபது நிமிடம் தாங்கும்.
வேலிக்கு உள்ளே போய்விட்ட கிணறுகளைப் பற்றி ஒரு படம்.
சனங்கள் வெளியே நின்று கையை நீட்டுவார்கள்:
அந்தா, அந்தப் பூவரசுக்கு அங்கால.
கமெரா விரலோடு போய்
முட்கம்பியில் நிற்கும்.

ஏதோ குளிர்நாட்டில் கண்ணாடிப் பரிசு கிடைத்தது.
இங்கே இரண்டாம் காட்சி பாதியில் நின்றது.
கரண்ட் போய்விட்டது என்றார்கள்.
பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது.

மயிலிட்டித் தவமலர் அதில் ஐம்பது விநாடி வருவா.
பதிந்தது நாலு நிமிடம்.
கடைசியாய் அவ சொன்னதை வரோதயன் வெட்டினான்:
"தம்பி, படம் முடிய நீ போயிடுவாய்.
பேந்து நான் ஆரிட்டப் போய்க் கேக்கிறது?"

"கமெராவப் பாத்துச் சொல்லிப்போட்டா,
படத்தின்ர மூச்சு முறியுது."

காற்றும் தூரத்து நாயுமாய் இரண்டு விநாடி எடுத்துப்
பூசிவிட்டேன்.
ஒருவருக்கும் தெரியாது.
எனக்கு அந்த நாய் இன்றைக்கும் குரைக்கும்.

பிறகு விருப்பிலக்கம் ஏழு.
மதிலெல்லாம் அவன் முகம். பசை காய முதல்
மாடு கிழித்துத் தின்றது.
வென்றான்.

கன்னிப்பேச்சை வீட்டில் இருந்து பார்த்தேன்.
திகதி, ஏக்கர், ஆட்களின் பெயர்,
எல்லாம் பேப்பர்க்காரன் ஒழுங்கு.
கிணறுகளுக்கு வந்தபோது
ஒலிவாங்கியில் சிவப்பு விளக்கு அணைந்தது.
நேரம் முடிந்ததாம்.
உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.
தொழில்காரனாய்ச் சொல்கிறேன்: சுத்தமான வெட்டு.
பூசக்கூட ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

மறுநாள் கரையொலியில் ஏழாம் பக்கம்.
புதுப்பொடியனுக்குப் போன் எடுத்துச் சண்டை:
"'வலியுறுத்தினார்' எண்டு ஏன் போட்டனீ?
நான் கேட்டனான். 'கேட்டார்' எண்டு போடு."

ஐந்து வருடம் அப்படியே போனது.
அடுத்த தேர்தலுக்கு வீடியோ எடுக்க என்னைக் கூப்பிட்டான்.
மயிலிட்டியில் பாதி விட்டாச்சு, பாதி விடவில்லை.
தறப்பாளுக்குக் கீழே இருபது கதிரை,
பன்னிரண்டில் ஆட்கள்.
தவமலர் பின்னாலிருந்து எழும்பினா.

"உன்ர படம் பாத்தனான்.
என்ர கடைசிக் கதையைக் காணேல்ல."

தலையணியை இறுக்கிக்கொண்டு எண்ணினேன்.
ஒன்பது. பத்து. பதினொன்று.
அவன் செருமவில்லை.
கடல். ஒரு ஜெனரேற்றர். யாரோ ஒரு பிள்ளையின் செருப்பு.
முப்பது.
முப்பத்திரண்டில் பிளேன்ரீ வந்தது,
கூட்டம் பழையபடி கூட்டமானது.

அமைப்பாளர் ஓடி வந்தார்: அண்ணை, அந்தத் துண்டு வேண்டாம்.
தலையாட்டினேன். அழிக்கவில்லை.

திரும்பி வரும்போது வானில் அவன் கேட்டது ஒன்றுதான்:
"பேர் போட்ட இடத்தில
அவவுக்கு என்ன இனிசல் போட்டனாங்கள்?"

"க."

"ச. எண்டு வரவேணும்" என்றான்.
வெளியே பார்த்துக்கொண்டு இருந்தான்,
தெல்லிப்பழைச் சந்தி வரைக்கும்.